சர்க்கரை சேர்க்காத பிரசாதம்

பல்லால் உடையாததை வெங்கட்ரமணன் பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினார். பாக்குவெட்டியின் திருகுதான் கழன்று விழுந்தது. ஓட்ஸும் கடலையும் சேர்த்துச் செய்த அந்த 'எனர்ஜி பார்' அப்படியே இருந்தது.

"ஏன்னா, எப்படி இருக்கு?" என்று அடுக்களையிலிருந்து மனைவி ஸ்யாமளாவின் குரல் வந்தது.

"பேஷ்" என்றார் வெங்கட்ரமணன், திருகைத் தேடிக்கொண்டே.

பொய்தான். ஆனால் மனுஷர் வேறு என்ன சொல்வார்? கோச்சடை முக்குப் பிள்ளையார் கோயிலில் பூஜை செய்கிறவர் அவர். விடியுமுன் குளித்துவிட்டுக் கிளம்பினால் வீடு திரும்ப வெயில் ஏறிவிடும். போன வாரம் ரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர் ஆர்த்திகா, காகிதத்தை ஒரு தடவையும் அவரை ஒரு தடவையும் பார்த்தாள்.

"காலையில என்ன சாப்பிடுறீங்க சார்?"

"ஒண்ணும் கிடையாதும்மா. கோயில் பிரசாதம் மட்டும்தான்."

"என்ன பிரசாதம்?"

"சர்க்கரைப் பொங்கல்."

"எவ்வளவு?"

"ஒரு தொன்னை." பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்யாமளா தொண்டையைச் செருமினாள். "ரெண்டு தொன்னை" என்று திருத்திக்கொண்டார்.

"அதை நிறுத்திருங்க சார்."

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றதா? அது மகா பாவம்மா. பிள்ளையார் கண்ணு பட்டதுக்கு அப்பறம் அதுல ஏது சர்க்கரை?"

"உங்க ரத்தத்துக்கு அது தெரியலையே சார். அடுத்த மாசம் மறுபடி பாப்போம். இப்படியே இருந்தா ஊசிதான்."

ஊசி என்றதும் வெங்கட்ரமணனுக்கு வியர்த்தது. ஆயிரம் பேர் முன்னால் மந்திரம் சொல்லச் சொன்னால் சொல்வார். ஊசியைக் கண்டால் மட்டும் சின்னப்பிள்ளை ஆகிவிடுவார்.

வீட்டுக்கு வந்து ஸ்யாமளா சண்டை போடவில்லை. போனில் எதையோ தேடிப் பார்த்தாள். இரண்டொரு நாளில் ஓட்ஸும் நிலக்கடலையும் எள்ளும் பூசணி விதையும் வறுபடும் வாசனை தெரு முக்கு வரை வந்தது. சர்க்கரை கிடையாது, வெல்லம் கிடையாது, தேன் கிடையாது. பேரீச்சம்பழம்கூடப் பேருக்குத்தான். ஆளி விதையை ஊறவைத்து அரைத்து, அந்தக் கூழில் எல்லாவற்றையும் பிசைந்து, தட்டில் தட்டித் துண்டு போட்டு, அடுப்பில் சுட்டு எடுத்தாள். அதோடு விட்டாளா? வடாம் காயவைப்பது போல மொட்டை மாடியில் வேறு காயவைத்தாள். மிச்ச வேலையை மதுரை வெயில் பார்த்துக்கொண்டது.

முழங்கால் வலியோடு அவள் மாடிப்படி ஏறி இறங்கியதை வெங்கட்ரமணன் பார்த்தார். எனக்காக ஒருத்தி இந்த வெயிலில் நிற்கிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அவளிடம் போய், இதைக் கடிக்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

பேஷ் என்றதற்குப் பலன் உடனே கிடைத்தது. மறுநாள் காலையில் ஒரு டப்பா நிறையப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

"பூஜை முடிஞ்சதும் சாப்பிடுங்கோ. ஊசி வேண்டாம்னா இதுதான் வழி."

கோயிலுக்கு வந்து ஒரு துண்டைக் காக்கைக்கு வைத்தார். காக்கை கொத்திப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. பிறகு பறந்துவிட்டது.

குப்பையில் போட மனசு வரவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. கையைப் பிசைந்தபடி கருவறைப் பக்கம் திரும்பியவருக்கு, எதிரிலேயே வழி உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"அப்பனே, நீ விளாம்பழத்தையே ஓடோட முழுங்கறவன். இதெல்லாம் உனக்கு ஒரு பொருட்டா?" என்று சொல்லி, டப்பாவோடு பொங்கலுக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டார். மனசு லேசானது.

நைவேத்தியம் ஆன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளையாருக்குப் படைத்தால் அது பிரசாதம். பிரசாதம் என்றால் வந்தவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

"சாமி, இது என்ன?" என்று கேட்டார் மொக்கைச்சாமி. கோயில் காவல்காரர். காவல் என்று பேர், பாத்திரம் கழுவுவது முதல் கூட்டிப் பெருக்குவது வரை அவர்தான்.

"பிரசாதம் ஓய். பேசாம எல்லாருக்கும் குடும்."

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? எல்லாரும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லவில்லை. வாயில் இருக்கும்வரை யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை என்பது வேறு விஷயம். வெங்கட்ரமணன் ஒரு மூலையில் உட்கார்ந்து நிம்மதியாக இரண்டு தொன்னைப் பொங்கலைச் சாப்பிட்டார்.

அந்த நிம்மதி மறுநாள் காலைவரை இருந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் விருமாண்டி, ஒரு கவுளி வெற்றிலையும் பெரிய மாலையுமாக வந்து நின்றார். மதுரைக்கு வெற்றிலை கொண்டுவரும்போதெல்லாம் வழியில் இறங்கிக் கும்பிட்டுப் போகிறவர்தான். அன்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாமி, எம்புட்டு நாளா ஆடிக்கிட்டு கெடந்த கடவாப் பல்லு. டாக்டர்ட்ட போகப் பயந்துக்கிட்டு கஞ்சியாக் குடிச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து உங்க பிரசாதத்தை ஒரு கடி கடிச்சேன். பல்லு பிரசாதத்தோடயே வந்துருச்சு."

வெங்கட்ரமணன் அவரைத் தூக்கிவிட்டார். "வலிச்சுதாய்யா?"

"எங்க வலிச்சது? என்னன்னு பாக்கிறதுக்குள்ள கையில இருக்கு. ராத்திரி கறிச்சோறு தின்னேன் சாமி. உங்க புண்ணியம்."

ஊர் வாய்க்கு இது போதாதா? விளாங்குடியிலிருந்து ஆடுகிற பல்லோடு வந்தார்கள். வலிக்கிற பல்லோடு வந்தார்கள். பால் பல் விழாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பல் விழுந்தவர்கள் மாலையோடு திரும்பி வந்தார்கள். விழாதவர்கள், நம் பக்தி போதவில்லை என்று மறுபடி வந்தார்கள்.

இதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று வெங்கட்ரமணன் முடிவு செய்தார்.

"ஸ்யாமளா, நாளைலேர்ந்து எனக்கு ஒண்ணு போதும்."

"ஏன், பிடிக்கலையா?"

அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் மறந்துபோனது. "பிடிக்காம என்ன? கோயில்ல எல்லாருக்கும் ஒரு துண்டு குடுத்தேன். ரொம்பக் கேக்கறா. அவாளுக்குப் போக எனக்கு ஒண்ணு மிஞ்சினா போதும்னு சொல்ல வந்தேன்."

"அப்படிச் சொல்லுங்கோ" என்று முகம் மலர்ந்த ஸ்யாமளா, மறுநாள் ஒரு தட்டுக்குப் பதில் மூன்று தட்டு காயவைத்தாள்.

சரி, கொஞ்சம் மிருதுவாகவாவது செய்யச் சொல்லலாம் என்று இன்னொரு நாள் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இளக்கமா பண்ணினா தேவலை."

"உங்களால கடிக்க முடியலையா?"

"எனக்கென்ன? பக்தாள்ல வயசானவா இருக்கா."

"அதானே பார்த்தேன். வயசானவாளுக்குத் தனியா ஒரு தட்டு பண்ணிட்டாப் போச்சு." பண்ணினாள். எது வயசானவர்களுக்கு, எது மற்றவர்களுக்கு என்று கடித்துப் பார்த்தவர் யாராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் விருமாண்டி ஒரு மூட்டை நிலக்கடலையும் ஒரு மூட்டை எள்ளும் கொண்டுவந்து இறக்கினார்.

"சாமி, இனிமே தினக் கட்டளை என்னோடது, நைவேத்தியச் செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன். பொங்கல் வேணாம். பொங்கல் எந்தக் கோயில்லதான் இல்ல? இந்தப் பிரசாதம் வேற எங்கயாச்சும் உண்டா?"

"பிள்ளையாருக்குப் பொங்கல்னா உசிரு, விருமாண்டி" என்றார் வெங்கட்ரமணன். அவர் குரலில் பிள்ளையாரைவிட அவருடைய வயிறுதான் அதிகம் பேசியது.

"பிள்ளையாருக்கா? அவரு என்ன குடுத்தாலும் திம்பாரு சாமி."

கூட இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கட்டளைக்காரர் பொங்கலை விட்டார். சங்கடஹர சதுர்த்திக் கட்டளைக்காரரும் விட்டார். மடைப்பள்ளியில் பொங்கல் பானை அடுப்பு ஏறவே இல்லை. வெங்கட்ரமணன் ஒரு துண்டைப் பாலில் ஊறப்போட்டுப் பார்த்தார். பால் கெட்டியானது, துண்டு இளகவில்லை. வெறும் வயிற்றோடு பூஜை முடித்து வீட்டுக்கு நடந்தார். அங்கே ஸ்யாமளா சூடாக வைத்திருந்த கேழ்வரகு தோசையையும் கீரையையும், யாரும் கூப்பிடாமலே உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பார் சாப்பிட்டுமா இம்புட்டுப் பசி?" என்று ஒருநாள் கேட்டாள். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள், சிரிப்பு வந்தால் இந்தப் பேச்சும் வந்துவிடும்.

"அது ஜீரணத்தைத் தூண்டறது" என்றார். அதுவும் ஒரு பொய்.

பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, விருமாண்டி நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். பிரசாதம் செய்த கையைக் கும்பிட வேண்டுமாம்.

"அம்மா, நீங்க நல்லாருக்கணும். உங்க கைப்பக்குவத்தாலதான் என் பல்லு..."

"பல்லு பலமா இருக்குங்கறார்" என்று வெங்கட்ரமணன் குறுக்கே விழுந்தார்.

"இல்ல சாமி, பல்லு போயி..."

"போய்ப் பார்த்தாராம் டாக்டர்ட்ட. பல்லு அவ்வளவும் கெட்டியா இருக்காம். ஸ்யாமளா, காபி கொண்டா."

விருமாண்டி வாயைத் திறந்தார். பல் இருந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. ஸ்யாமளா அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், காபி போட உள்ளே போனாள். அடுக்களையில் அவள் இருமுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மாடி வெயிலில் நின்று நின்று சளி பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று வெங்கட்ரமணன் உருகிப்போனார்.

ரத்தப் பரிசோதனை நாள் வந்தது. முந்தின நாளே அவருக்குக் கைகால் ஓடவில்லை. ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை, சர்க்கரை எப்படி இறங்கும்? இறங்கவில்லை என்றால் ஊசி. ஊசியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு பாடுபட்டும் பலனில்லையே என்று ஸ்யாமளா கலங்கி நின்றால், அதை அவரால் தாங்க முடியாது. நான் சாப்பிடவே இல்லை என்று உண்மையைச் சொன்னால் அதைவிட மோசம்.

டாக்டர் ஆர்த்திகா காகிதத்தைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"ஊசி வேணாம் சார். நல்லா இறங்கியிருக்கு. என்ன பண்ணுனீங்க?"

வெங்கட்ரமணன் வாயைத் திறக்குமுன் ஸ்யாமளா, "வீட்டுல பண்ணின பார்தான் டாக்டர்" என்றாள். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வீடு வரும்வரை அவர் கையை விடவில்லை.

அந்தக் கை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கோயிலுக்கு வந்ததும் பிள்ளையார் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அப்பனே, நீதான் காப்பாத்தினே. நான் திங்காததை நீ தின்னு என் சர்க்கரையை இறக்கினே. உனக்கு நான் என்ன செய்யப்போறேன்? ஆனா அவ உழைச்சதுக்கு நான் பொய்யாச் சொல்லிண்டிருக்கேனே. இன்னிக்கு ஆத்துக்குப் போனதும் எல்லாத்தையும் சொல்லிடறேன். கோவிச்சுக்கட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு."

பிரகாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மொக்கைச்சாமி விளக்குமாற்றை நிறுத்தினார்.

"யார்ட்ட சாமி பேசிக்கிட்டு இருக்கீக?"

யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது வெங்கட்ரமணனுக்கு. "மொக்கைச்சாமி, உம்மகிட்ட சொல்றதுக்கென்ன. ஆத்துக்காரி பண்ணின அந்த பார்ல நான் ஒரு துண்டுகூடச் சாப்பிட்டதில்லை. கடிக்க முடியலைன்னு சொல்ல வாய் வராம, இங்கே கொண்டுவந்து படைச்சிண்டிருக்கேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மொக்கைச்சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நீங்க மொத டப்பாவைக் கொண்டாரதுக்கு முந்தின நாளே அம்மா இங்க வந்துட்டுப் போனாக சாமி, 'அவருக்குப் பிரசாதத்தையும் வேணாம்னு சொல்லத் தெரியாது, என்னையும் வேணாம்னு சொல்லத் தெரியாது, கல்லு மாதிரி ஒண்ணைச் செஞ்சு குடுத்தா நேரா பிள்ளையார்ட்டதான் கொண்டாந்து வைப்பாரு, அதுவே பிரசாதமாயிட்டா பொங்க தன்னால நின்னுரும், நீ அந்தப் பொங்கப் பானையை நல்லாத் தேய்ச்சுக் கவுத்து வைக்கத் தயாரா இரு'ன்னு சொல்லிட்டுப் போனாக."