எறும்பு எந்தப் பிரிவு?

அரசு அலுவலக முன்வாசலில், நடைபாதையை ஒட்டிய பாத்தியில் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளில் எறும்புகள் குடியிருந்தன. குடியிருந்ததில் குற்றமில்லை. எறும்பும் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும். ஆனால் அவற்றுள் ஒன்று, செம்பருத்தி அருகே நின்று புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த இயக்குநரின் கால்சட்டைக்குள் ஏறி, தன் தகுதிக்கு மீறிய இடத்தில் கடித்துவிட்டது.

தோட்டப் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருடைய பதவி உயர்வு இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்த நேரம் அது.

"அடுத்த வாரம் தலைமையகத்துலேருந்து பார்வையிட வர்றாங்க," என்றார் இயக்குநர், ஒற்றைக் காலில் நின்றபடி. "அதுக்குள்ள இங்க ஒரு எறும்பு இருக்கக் கூடாது."

"சரிங்க சார்."

அம்மாளுக்கு இது பெரிய காரியமாகவே படவில்லை. வீட்டில் எறும்பு சேர்ந்தால் தொட்டியை அப்படியே வாளித் தண்ணீரில் அமுக்கிவைப்பார். குமிழி அடங்குவதற்குள் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடும். அந்த நினைப்பில் குனிந்து முதல் தொட்டியைத் தூக்கினார். பண்டகசாலை அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கீழ வைங்க மேடம். தொட்டி எங்க பிரிவு."

"உள்ள இருக்கிற மண்ணு?"

"அது உங்களோடது."

"அப்போ எறும்பு?"

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "தொட்டிக்குள்ள இருந்தா எங்க எறும்பு. பாத்தியில இறங்கிட்டா உங்க எறும்பு."

எறும்புகளோ இந்த எல்லையைக் கொஞ்சமும் மதிக்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. விஷயம் கூட்டத்துக்குப் போனது. ராணி எறும்பு எங்கே இருக்கிறதோ அதுவே தலைமையிடம், மற்றவை எல்லாம் களப்பணியாளர்கள் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ராணியைப் பார்க்க வேண்டுமானால் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்கப் பண்டகசாலை அனுமதிக்க வேண்டும். எறும்பு தங்களுடையது என்று உறுதியாகாமல் அவர்கள் எப்படி அனுமதிப்பார்கள்?

முடிச்சை அவிழ்க்க ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். வெளிநாட்டில் படித்தவர், தாடியைக்கூட யோசித்துத்தான் வளர்த்திருந்தார்.

"இப்போ யாரும் எறும்பை விரட்டுறதில்ல. அதோட சேர்ந்து பயணிக்கிறாங்க," என்றார்.

"கடிக்குதே," என்றார் அம்மாள்.

"அதைக் கடின்னு பார்க்காதீங்க. கருத்துப் பரிமாற்றம்னு பாருங்க."

பார்த்துக் காட்டுவதற்காகப் பாத்தியோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எறும்புகள் பரிமாறிக்கொள்ள நிறையக் கருத்து வைத்திருந்தன. ஆலோசகர் கண்ணில் நீர் தளும்பப் புன்னகைத்துவிட்டு, போகும்போது நொண்டினார். இயக்குநர் அன்றைக்கே 'எறும்பு நல்லிணக்கப் பூங்கா' என்று பலகை நட்டார்.

அம்மாள் பலகையைப் படித்துவிட்டு மனக்கணக்குப் போட்டார். பலகை என்ன சொன்னாலும், வருகிறவர்களைக் கடித்தால் பழி தன் தலையில்தான் விடியும். பதவி உயர்வு பாத்தியோடு போய்விடும். விடுமுறை நாளில் வீட்டிலிருந்து வாளியைக் கொண்டுவந்து, கணவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தொட்டியாக அமுக்கி எடுத்தார். எறும்புகள் குடும்பம் குட்டியோடு சுற்றுச்சுவரைத் தாண்டிப் போய்ச்சேர்ந்தன. அம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது.

தலைமையகத்து அம்மையார் வந்தார். பலகையை வாய்விட்டுப் படித்தார். குனிந்து முதல் தொட்டியைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், இலையைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"எறும்பு எங்க?"

இயக்குநரின் முகம் வெளுத்தது. அவர் மேற்பார்வையாளரைப் பார்த்த பார்வையில் பதவி உயர்வு மட்டுமல்ல, இருக்கிற பதவியும் ஆடியது.

அம்மாள் தொண்டையைச் செருமினார். "களப்பணிக்குப் போயிருக்குதுங்க மேடம்."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. "எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். எப்போ போனாலும் ஒருத்தரும் இடத்துல இருக்க மாட்டாங்க. நீங்க நல்லாவே பழக்கிருக்கீங்க."

கையெழுத்து அன்று மாலையே விழுந்தது. மேற்பார்வையாளர் அம்மாள் நல்லிணக்கப் பிரிவின் தலைவரானார். பதவியேற்றதும் முதல் வேலையாகப் பாத்தி நெடுகச் சர்க்கரை தூவினார். எறும்பில்லாமல் பிரிவு எப்படி இயங்கும்? பக்கத்து அலுவலகங்கள் கேள்விப்பட்டு ஆளுக்கொரு பலகை நட்டன. பணக்கார வீடுகளில் எறும்புத் தொட்டிகள் வரவேற்பறைக்கு வந்தன. கடிபட்ட விருந்தாளிகள், என்ன ஆரோக்கியமான எறும்பு என்று பாராட்டிவிட்டு வெளியே வந்து சொறிந்துகொண்டார்கள்.

ஒருநாள் ஊர்க்காரர்கள் திரண்டு வந்து அம்மாளின் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். எறும்புத் தொல்லை தாங்காமல் இத்தனை வருஷமாக அலுவலகத்தைத் திட்டித்தீர்த்த அதே தெருக்காரர்கள். விரட்டும் வழியைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்மாளும் மனதைத் திடப்படுத்திக்கொண்டார்.

"எங்க தெருவுக்கு மட்டும் ஏங்க இன்னும் எறும்பு குடுக்கல?" என்றார் முன்னால் நின்ற தையல்காரர்.

"உங்க தெரு முழுக்க எறும்புதானே இருக்கு?"

"அது சும்மா வந்த எறும்புங்க," என்றார் தையல்காரர், புறங்கையைச் சொறிந்தபடி. "எங்களுக்கு அரசாங்க எறும்பு வேணும்."