குனிய மறுத்த பஸ்

எந்த ஊராவது வேகமாக முன்னேறுகிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. போய்ப் பார்த்துப் பயணக் கட்டுரை எழுதினால்தான் தூக்கம் வரும். அப்படித்தான் ஓர் ஊரின் அதிநவீனப் பேருந்து முனையத்துக்குப் போனேன். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே குளிரில் பல் தந்தியடித்தது. ஓர் இயந்திரம் என் முகத்தைப் படம்பிடித்து, 'மாண்புமிகு பயணி எண் நாற்பத்தொன்று' என்று சீட்டுக் கொடுத்தது. பஸ்ஸைத் தவிர எல்லாம் இருந்தது.

பஸ் வெளியே, தெருவோரத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

"அது ஏன் சார் உள்ள வரல?" என்று நிலைய அதிகாரியைக் கேட்டேன். கழுத்தில் மூன்று அடையாள அட்டை போட்டிருந்தார்.

"நுழைவு வளைவு பஸ்ஸைவிட ஒரு முழம் குட்டை."

"வளைவை உயர்த்தலாமே?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "திறப்பு விழா நடந்த வளைவு சார். அதைத் தொட முடியுமா? பஸ்ஸை ஒரு முழம் குறைக்கச் சொல்லி கோப்பு போயிருக்கு."

"பஸ்ஸுக்குள்ள நிக்கிறவங்களுக்குத் தலை இடிக்குமே?"

"குனிஞ்சு நிப்பாங்க. நம்ம ஜனங்களுக்கு அது புதுசா?"

அப்போது ஓர் அம்மா ஓடி வந்தாள். துணி தேய்க்கிறவள், விரல்களில் சூட்டுத் தழும்பு. பெரியாஸ்பத்திரியில் அவள் புருஷனுக்குப் பதினோரு மணிக்கு ஆபரேஷன். அவள் கையெழுத்துப் போட்டால்தான் கத்தியையே தொடுவார்கள். முனையத்துச் சீட்டு இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் விரட்டியதால் உள்ளே வந்திருக்கிறாள்.

"சீட்டு வாங்கிட்டேன்யா. பஸ்ஸு கிளம்புது, வெளிய விடுங்க!"

"வெளியேறும் கதவு பயணம் முடிச்சவங்களுக்கும்மா. நீ இன்னும் பயணமே பண்ணலயே."

"பண்ணத்தானய்யா போறேன்!"

"அதுக்கு பஸ் உள்ள வரணும்."

"வந்த வழியாவே போயிடறேன்."

"அது உள்ள வர மட்டும்."

அவள் அழுதுவிட்டாள். அதிகாரிக்கும் மனசு இளகியது. சுவரில் இருந்த திரையைக் காட்டினார். அதில் சிரித்த மூஞ்சி ஒன்று, அழுத மூஞ்சி ஒன்று.

"சிரிச்ச மூஞ்சியை அழுத்து. 'பயணம் திருப்தியாக நிறைவுற்றது'ன்னு பதிவாகும், கதவு திறந்துடும்."

"அழுத மூஞ்சியை அழுத்தினா?" என்றேன் நான்.

"புகார் ஆயிடும். விசாரணை முடியற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணும்."

அந்த அம்மா தயங்கினாள். "நான் எங்கயும் போகலயே. பொய் ஆயிடாதா?"

"பொத்தான்தானேம்மா, அழுத்துங்க. யார் கேக்கப் போறா?" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

அழுத்தினாள். நானும் அழுத்தினேன். பின்னாலிருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று அழுத்தினார்கள். கதவு திறந்தது; ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். 'புன்னகையால் திறக்கும் கதவு' என்று நான் எழுதிய கட்டுரை அமோகமாகப் பேசப்பட்டது.

அடுத்த மாதம் அதே முனையத்தில் வெற்றி விழா. சிறப்பு விருந்தினர் நான். தெருவோரத்தில் பஸ்ஸைக் காணோம்.

"நிறுத்தியாச்சு சார்," என்றார் அதிகாரி பெருமையாக. "பஸ்ஸே உள்ள வராம பன்னிரண்டாயிரம் பேர் திருப்தியாப் பயணம் முடிச்சிருக்காங்க. அப்புறம் பஸ் எதுக்குன்னு மேலிடத்துல கேட்டாங்க. நியாயம்தானே?"

மூலையில் அந்த அம்மா நின்றாள். தோளில் சாய்ந்தபடி அவள் புருஷன். வயிற்றுக் கட்டுத்துணியில் சீழ் கசிந்திருந்தது. அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

"நீங்கதானே சார் அழுத்தச் சொன்னீங்க?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இன்னிக்கு அழுத மூஞ்சியை அழுத்துங்கம்மா. அக்கிரமத்தைச் சும்மா விடக் கூடாது," என்றேன்.

"நீங்க பெரிய மனுஷன். முதல்ல நீங்க அழுத்துங்க சார். பின்னாடியே நாங்களும் அழுத்தறோம்."

வெளியேறும் கதவின் முன் நின்ற வரிசை முழுக்க என் விரலையே பார்த்தது. வெளியே எனக்கு அரசாங்கக் கார் காத்திருந்தது. பக்கத்து ஊரில் இதே மாதிரி இன்னொரு முனையம். திறந்து வைக்கப் போகிறவன் நான். விசாரணை, கிசாரணை என்று உட்கார நேரம் ஏது?

சிரித்த மூஞ்சியை அழுத்தினேன்.