தையல் இல்லாத நோயாளி

அன்புள்ள கமலம் அக்காவுக்கு, அம்பத்தூரிலிருந்து தங்கை அனுசுயா எழுதுவது. இங்கே நான் நலம். அதுதான் இப்போது சிக்கலே. அரக்கோணத்தில் நீயும் மாமாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், என் கர்ப்பப்பைச் சமாச்சாரம் உங்கள் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அதனால் கடிதம்.

இரண்டு வருஷமாக எனக்கு இருந்த உதிரப்போக்கும், மாடிப்படி ஏறினால் வாங்கிய மூச்சும் உனக்குத் தெரியும். கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்றாய். டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கர்ப்பப்பையில் வளர்ந்திருக்கிற ஃபைப்ராய்டு கட்டிக்குப் போகிற ரத்தத்தை மட்டும் அடைத்துவிட்டால் அது பட்டினி கிடந்து மெல்லச் சுருங்கிவிடும், கர்ப்பப்பை அதன் இடத்திலேயே இருக்கும், வயிற்றில் கத்தி இல்லை, தையல் இல்லை, மறுநாளே வீடு, கொஞ்சம் வலி இருக்கும், பத்து நாள் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுத்தான் அக்கா நான் கையெழுத்துப் போட்டேன். உனக்கு ஆபரேஷன் ஆனபோது நீ ஒன்றரை மாதம் கட்டிலில் சாய்ந்திருக்க, மாமா காபி ஆற்றிக் கொடுத்ததைப் பார்த்து அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. நாற்பத்தாறு வயதில் எனக்கும் அப்படி ஒரு ஆசை.

வைத்தியம் நன்றாகவே நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. மணிக்கட்டில் ஒரு சின்னப் பிளாஸ்திரி, அதுவும் பாத்திரம் தேய்த்ததில் உரிந்துபோச்சு. பாரிவாக்கத்திலிருந்து மாமியார் பொன்னியம்மா ஒரு பை ஆப்பிளோடு வந்து தையலைக் காட்டு என்றார். கையை நீட்டினேன். "கட்டி வயித்துல கீதுன்னாங்க, நீ கையில ஓட்டை போட்டுக்கினு வந்து கீறியே, உன்ன நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சொல்லி, எனக்கு வாங்கிவந்த ஆப்பிளில் ஒன்றை நறுக்கித் தானே தின்றுவிட்டு, டீ போடச் சொன்னார். போட்டேன். இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிற என் வீட்டுக்காரர் நடேசனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரத்தக்குழாயை அடைத்த கதையை, தானே ஸ்பேனர் பிடித்து அடைத்த மாதிரி எல்லாரிடமும் விளக்குகிறார். அப்புறம் என்னிடம் வந்து, "வால்வ மாத்துனா நாங்க அப்பவே மோட்டார ஓட வுட்ருவோம், நீ இன்னா படுத்துக்கினே கீறே?" என்கிறார்.

வலி பொய்யில்லை அக்கா, முதல் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். யாருக்கும் தெரியவில்லை என்பதால் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யலாமென்று வயிற்றில் துண்டைச் சுற்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தேன். வயிற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டவள் காலை ஏன் இழுக்க வேண்டும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. எதிர்வீட்டு அஷ்ரஃபுன்னிசா கஞ்சி கொண்டுவந்தவள், "நேத்து எடது காலத்தானேக்கா இழுத்தீங்க?" என்றாள். கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

எனக்கு ஓய்வு வேண்டும் அக்கா. உடம்பு கெஞ்சுது. அதை வாயைத் திறந்து கேட்க எனக்கு வரமாட்டேங்குது. நீ ஒரு போன் போட்டு, உன் வெண்கலக் குரலில், தையல் போட்டவளைவிடத் தையல் போடாதவள்தான் அதிகம் படுத்திருக்கணும், அசைந்தால் ஆபத்து என்று ஒரே ஒரு பொய் சொல்லு. இந்த முறை நான் ஸ்பீக்கரில் போடுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். வயதில் சின்னவள் என்பதால் உன் ஆசீர்வாதத்தை நானே எடுத்துக்கொண்டு முடிக்கிறேன்.

அன்புத் தங்கை,
அனுசுயா

பின்குறிப்பு: யாரிடம் கொடுத்துத் தபாலில் போடுவதென்று தெரியாமல் இதை மாசக்கணக்கில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே இருப்பதையெல்லாம் மறந்துவிடு, போன் பண்ணாதே, எனக்கு ஓய்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போன மாதமே போக்கு குறைந்தது, இந்த மாதம் நாலே நாளில் நின்றுபோச்சு. இந்த ரெண்டு வருஷமா ரயிலில் சீட்டு காலியாக இருந்தாலும், கறை பட்டுடுமோன்னு பயந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதான் போவேன், உன்கிட்டகூட சொன்னதில்லை. நேத்து அம்பத்தூரில் ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன். ஆவடி போச்சு, திருவள்ளூர் வரைக்கும் போயிட்டேன், அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இறங்கும்போது சீட்டைத் திரும்பிப் பாக்கணுங்கிற நினைப்பே வரலை அக்கா.