குடைக்காரன் ஏன் மறுபடி வெளியே வந்தான்

நகரி
26.10.1997, ஞாயிறு

மதிப்பிற்குரிய சந்துரு மாமா அவர்களுக்கு,

புருஷோத்தமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, ரோஹிணி, நான், நான்கு தறிகள், அனைவரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், கப்பல் பட்டறையின் சுகத்தையும், உங்கள் அறையில் தங்கியிருக்கும் மற்ற ஏழு பேரின் சுகத்தையும் அறிய ஆவல். ஆவல் என்றது மரியாதைக்காக. உண்மையில் என்னிடம் இருப்பது சந்தேகம்.

நீங்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய குடைக்காரன் இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. பதினைந்து நாளாக அதை ஆராய்ந்து வருகிறோம். முதல் பாகத்துக்கு அது ஈடாகவில்லை. தொடர்ச்சி என்று வருகிற எதையும் நான் எளிதில் நம்புவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இது என் ஒருவனுடைய கருத்து அல்ல. சாட்சிகள் இருக்கிறார்கள்.

முதல் பாகம் உங்களுக்கு மறந்திருக்கலாம். நினைவூட்டுகிறேன். சென்ற வருடம் ஜனவரி. உங்களுக்கும் என் அக்காவுக்கும் நிச்சயதாம்பூலம் முடிந்து பத்தாம் நாள். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வாசலில், அரைச் செங்கல் அளவுள்ள அந்த விளையாட்டுப் பெட்டியை ரோஹிணி கையில் கொடுத்தீர்கள். கேசட் உள்ளேயே இருந்தது. நீங்கள் சொன்ன வாக்கியம்: "இத நீ முடிக்கறதுக்குள்ள நான் வந்துடுவேன்." பக்கத்தில் உங்கள் கழுத்திலிருந்து கழற்றிய மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். முதல் சாட்சி.

விளையாட்டில் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. கதாநாயகனுக்குப் பெயர் தெரியவில்லை. கையில் குடை. மழை. வழியெல்லாம் பள்ளம். பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மேலே காக்கை வந்தால் குடையை விரிக்க வேண்டும். அவ்வளவுதான். குடைக்காரன் என்று அம்மா பெயர் வைத்தாள்.

அந்த முதல் பாகத்தில் ஒரு நேர்மை இருந்தது. பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடி முதல் பள்ளம். ரோஹிணி பகலெல்லாம் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால்தான் தறி நிற்கும், தறி நின்றால்தான் அவள் பெட்டியை எடுப்பாள். பெட்டி பென்சில் செல்லில் ஓடுவது. கரண்ட் வந்தால் எந்த இடத்தில் இருந்தாலும் அணைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். முடிப்பதற்கு இரண்டரை மணி நேரம் தேவை. நம் மின்வாரியமோ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கரண்டை நிறுத்துவதில்லை. எத்தனை முறை அந்தக் கடைசித் தெருவரைக்கும் போய்த் திரும்பியிருப்பாள். ஊரே கரண்ட் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே நெசவாளர் வீடு எங்களுடையது. இந்த வருடம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் குடைக்காரன் ஒரு வீட்டு வாசலை அடைந்தான். குடையை மடக்கினான். உதறினான். உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது.

"யாரு ஊடுடா அது?" என்றாள் அம்மா.

"அவன் ஊடுதாம்மா."

"அப்ப சரி."

ரோஹிணி உங்களுக்கு ஒரே வரியில் கடிதம் எழுதினாள். முடித்துவிட்டேன். தபால்பெட்டியில் போட்டவன் நான். அதற்குப் பதிலாக நீங்கள் வந்திருக்க வேண்டும். வந்தது இரண்டாம் பாகம்.

என் சந்தேகம் இங்கே தொடங்குகிறது.

கொண்டுவந்தவர் சூளூர்பேட்டை சண்முகம், உங்களோடு வெல்டிங் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர். அம்மா போட்ட டீயைக் குடித்தார். "சந்துரு எப்ப வருது?" என்று அம்மா கேட்டதும் எங்கள் மின்விசிறியைப் பார்த்தார். "வருவாரு அத்த. கண்டிப்பா வருவாரு. கண்டிப்பா." ஒரு கண்டிப்பா போதும். இரண்டாவது எதற்கு?

இனி கேசட். கதை இப்படி ஆரம்பிக்கிறது: மூடிய அதே கதவு திறக்கிறது. குடைக்காரன் வெளியே வருகிறான். அவ்வளவு பாடுபட்டு உள்ளே போனவன். காரணம் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் ஜப்பான் மொழி. ஒருவன் வீடு வந்து சேர்ந்த பிறகு ஏன் மறுபடி வெளியே வருகிறான்? இரண்டு இரவு இதை யோசித்தேன். இலக்கியத்தில் இதற்கு விடை உண்டு. வாழ்க்கையில் சிங்கப்பூர் மட்டும்தான் உண்டு.

அடுத்தது, இதில் உள்ளதாகச் சண்முகம் சொன்ன ஒரு புதிய வசதி. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். மறுநாள், மறுமாதம், மறுவருடம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதைத்தான் நான் ஒழுக்கக்குறைவு என்பேன். நிச்சயம் செய்துவிட்டு நிறுத்தி வைப்பது. தேவைப்படும்போது தொடர்வது. மாமா, இதைச் செய்தவன் உங்களை அறிந்தவன் போலிருக்கிறது.

ஆனால் உண்மையான குறை வேறு. அவன் எகிறுவதில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேசட் வந்தது ஆயுதபூஜைக்கு மூன்று நாள் முன்பு. பூஜைக்கு முன் புதுச் சாமானைத் தொடக்கூடாது என்றாள் அம்மா. தறிகள், தறியில் ஓடும் நாடாக்கள், நைனாவின் சைக்கிள், இவற்றோடு விளையாட்டுப் பெட்டியும் கேசட்டும் பூஜையில் உட்கார்ந்தன. எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சந்தனக் கிண்ணத்தை என் கையில்தான் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறவன், கை சுத்தமாக இருக்கும் என்று. பெட்டிக்கு நெற்றி எது என்று சிறிது யோசித்தேன். வட்டமாக இருந்த இடத்தில் தாராளமாக வைத்தேன். மறுநாள் அம்மா ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள். ரோஹிணி புதுக் கேசட்டைப் போட்டாள். குடைக்காரன் கதவைத் திறந்து வந்தான், நடந்தான், முதல் பள்ளத்தின் ஓரத்தில் அரை அடி எழும்பி, உள்ளே விழுந்தான்.

"டேய் புருஷோத்து, இவன் எகிற மாட்டேன்றான்டா."

"நீ சரியா அழுத்தியிருக்கமாட்ட."

"ஒன்ற வருசமா அழுத்திக்கினு கீறேன். எனக்கே சொல்லித் தர்றியா?"

நானும் முயன்றேன். விழுந்தான். குடை மட்டும் ஒழுங்காக விரிந்தது. விரித்த குடையோடு விழுந்தான். நைனா தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "மொத லோடு நூலு எவனும் நல்லாத்தான் குடுப்பான். ரெண்டாவது லோடுலதான் கைய வெப்பான்" என்றார். அவர் குடைக்காரனைச் சொல்கிறாரா உங்களைச் சொல்கிறாரா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது, எனக்கு வரவில்லை, அதன்மேல் அம்மா "எங்கண்ணன் புள்ள அந்த மாதிரி இல்ல, பாவம் அங்க இன்னாத்த துன்னுக்கினு கீதோ" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ள, நைனா "துன்றது இருக்கட்டும், தை வரைக்கும் பாப்பேன், அப்புறம் பங்காருபாளையத்துக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுவேன்" என்றார், பங்காருபாளையத்துக்காரர்கள் என்றால் மாங்கூழ் கம்பெனியில் கணக்கெழுதுகிற பையனின் வீட்டார், அவர்கள் இரண்டு முறை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இதுவரை நாங்கள் உங்களுக்கு எழுதவில்லை, அந்தப் பையனுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதைத் தவிர வேறு குறை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்.

விஷயம் இந்த அளவுக்குப் போனதால், போன வியாழக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். புத்தூரில் கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டார். "ஏன்டி பாபு அதி?" என்று, அதாவது அது என்ன என்று கேட்டு வாங்கியவர் ரேணிகுண்டா வரைக்கும் திருப்பித் தரவில்லை. இடையில் ஏறிய யாருக்கும் டிக்கெட் கிடைக்கவில்லை. அவரும் ஒரு பள்ளத்தைக்கூடத் தாண்டவில்லை. நம் குடும்பத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மனிதர். நடுநிலையாளர். அவர் இறுதியாகச் சொன்னது: "ஈடு அலசிப்போயினாடு." இவன் களைத்துப்போய்விட்டான் என்று பொருள். தெலுங்கு உங்களுக்கு மறந்திருக்கலாம்.

திருப்பதியில் ரயில் நிலையம் அருகே டி.வி. ரிப்பேர் செய்கிற சிட்டிபாபு கேசட்டை வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பொருளைத் திறக்காமலே உண்மையை அறிகிறவர். பெட்டியில் போட்டு இரண்டு முறை அழுத்தினார். இரண்டு முறையும் பள்ளம்.

"டூப்ளிகேட்டு தம்பி. அந்தே. அவ்ளோதான்."

"நிச்சயமாகவா?"

"ஒரிஜினல்லு இவ்ளோ லைட்டா இருக்காது. யார் அனுப்பிச்சாங்கோ?"

"அக்காவைக் கட்டிக்கப்போறவரு."

சிட்டிபாபு என்னை உட்காரச் சொன்னார். சோடா வாங்கிக் கொடுத்தார். அந்தச் சோடாவின் அர்த்தத்தை நான் விளக்கத் தேவையில்லை.

வீடு திரும்பி ரோஹிணியிடம் சொன்னேன். அவள் தார் சுற்றுவதை நிறுத்தவில்லை. முதல் பாகத்தைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன். அந்தக் கேசட்டை அவள் நிச்சயப் புடவைக்குள் சுற்றிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். "அத எடுக்கமாட்டேன். அது முடிஞ்சிபோச்சி" என்றாள். பிறகு ராட்டையைப் பார்த்தபடி, "டூப்ளிகேட்டுன்னா டூப்ளிகேட்டுன்னு அவருக்கே எழுதிடு. ஒன்னியும் மறைக்காத."

ஆகவே எழுதுகிறேன். முதல் பாகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இரண்டாம் பாகம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது, நிறுத்தி வைக்கிறது, தாண்ட வேண்டிய இடத்தில் விழுகிறது. ஒரு தொடர்ச்சி என்பது முதல் வாக்குறுதிக்குக் கொடுக்கும் சாக்கு மட்டும்தானா? அதை எந்தக் கடையில் வாங்கினீர்கள், வாங்கும்போது என்ன நினைத்தீர்கள், தைக்குள் வருகிறீர்களா இல்லையா என்பதைத் தெளிவாகவும், கண்டிப்பாக என்ற சொல் இல்லாமலும் எழுதவும்.

அம்மா தன் ஆசீர்வாதத்தையும், வெறும் வயிற்றில் காபி குடிக்க வேண்டாம் என்பதையும் தெரிவிக்கச் சொன்னாள். நைனா தன் ஆசீர்வாதத்தைத் தை மாதம் வரை நிறுத்தி வைத்திருக்கிறார். விட்ட இடத்திலிருந்து தொடர்வார் என்று நம்புவோம். அறையில் உள்ள ஏழு பேருக்கும் என் அன்பு. சண்முகத்துக்கு மட்டும் பாதி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனனாக ஆகக்கூடிய
மு. புருஷோத்தமன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை ரோஹிணிக்குப் படித்துக் காட்டினேன். படித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. அவள் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். புடவையைப் பிரித்தாள். பழைய கேசட்டைக் கொண்டுவந்து போட்டாள். பழைய குடைக்காரன் நடந்தான். முதல் பள்ளத்தில் விழுந்தான்.

மறுபடி போட்டாள். விழுந்தான்.

முதல் பாகத்தின் சிறப்பு என்பதே நம் ஞாபகத்தின் ஏமாற்றுவேலையாக இருக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். "கொஞ்சம் வாய மூடு" என்றாள். அறுந்த இழையை இழுக்கிற கொக்கியை எடுத்து, எகிறும் பொத்தானைச் சுற்றிக் கிண்டினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நெத்தி தேடிக்கினு இருந்தியே. நல்லாத்தான் கண்டுபுடிச்சிருக்க."

சந்தனம் முழுவதும் வந்த பிறகு உங்கள் இரண்டாம் பாகத்தைப் போட்டாள். குடைக்காரன் எகிறினான். தேவைக்கு மேலேயே எகிறினான். இப்போது மூன்றாவது ஊரில் இருக்கிறான். அவன் ஏன் வெளியே வந்தான் என்பதும் தெரிந்துவிட்டது, படம் போட்டுக் காட்டுகிறார்கள்: வீட்டில் ஒரு குடைதான் இருந்தது. இன்னொன்று வாங்கப் போகிறான்.

நடுவில் கரண்ட் வந்தது. அவள் நிறுத்தி வைத்துவிட்டுத் தறிக்குப் போனாள். போகும்போது சொன்னது: "இதாண்டா ஒழுங்கு. வேல வெட்டி இருக்கறவங்களுக்குன்னே செஞ்சிருக்கான். மொதல்ல செஞ்சவனுக்கு அது தெரியல." விமர்சகன் என்ற முறையில் என் கருத்துகள் அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். சண்முகத்துக்கு முழு அன்பு. சிட்டிபாபுவின் சோடாவைத் திருப்பித் தர வழியில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்திருப்பேன். வீட்டில் இருந்த ஏர்மெயில் தாள் இது ஒன்றுதான், இன்று தபால் நிலையமும் இல்லை. ஆகவே இதைப் படிக்காதது போலப் படிக்கவும்.

ஒன்று மட்டும் கவனத்தில் வைக்கவும். நிறுத்தி வைக்கும் வசதி இருப்பதால் அவள் இனி டிரான்ஸ்பார்மர் வெடிக்கக் காத்திருக்கப்போவதில்லை. இந்த வேகத்தில் போனால் அவள் முடிக்க மார்கழியே அதிகம்.

ஓரத்தில் மீதமிருக்கும் இடத்தை அவள் பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

மாமா, இதுதான் நல்லா இருக்கு. மூணாவது அனுப்ப வேணாம். வாங்க. — ரோஹிணி