தூதர் இன்னும் பேசி முடிக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். உன் தூதரும் நலம். ஆறு உயிர்ப்புள்ளிகளில் ஆறும் அப்படியே இருக்கின்றன. நீ அங்கே காற்றாலைக் கோபுரத்தின் மேல் ஏறி இறங்கிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் பேசுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று. எட்டு மாத வேலைக்குக் கிளம்பும்போது, ரயில் நிலையத்தில், வண்டி நகரத் தொடங்கிய பிறகு ஒரு தாளைச் சன்னல் வழியாக என் கையில் திணித்து, "சனிக்கிழமை நாலு மணிக்கு மட்டும் போய் உக்காந்துட்டு வாக்கா, வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொன்னாயே, அது சம்மதம் கேட்பது ஆகாது. ஓடும் வண்டியோடு யாரும் வாதாட முடியாது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் போனேன். வேலை போன அந்த வருஷம் முழுக்க நீ வீட்டை விட்டு வெளியே வந்தது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருக்கும் அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் என்பதை நான் மறக்கவில்லை. உன் ஆள் விளையாட்டில் செத்தால் நாற்காலி காத்திருப்பவருக்குப் போய்விடும் என்று அந்த மேசையில் ஒரு சட்டம் இருப்பதை மட்டும் நீ சொல்லவில்லை. அதைக் காத்திருப்பவரே சொன்னார்.

காத்திருப்பவர் யாரென்று உனக்குத் தெரியும், கடைக்காரரின் மச்சான். கதவோரம் முக்காலி போட்டு, ஒரு வருஷமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். மடியில் ஒரு கண்ணாடி உறை, உறைக்குள் அவர் எழுதி வைத்திருக்கும் வாள்வீரன், நாற்பத்தெட்டு உயிர்ப்புள்ளி. நான் போன முதல் நாளே மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்று, "அவசரமே இல்லக்கா, தூதர் எப்பப் போறாரோ அப்ப சொல்லுங்க போதும்" என்றார். மருத்துவமனை வராந்தாவில்கூட இவ்வளவு பணிவாக யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் புரிந்தவரை இந்த விளையாட்டு இதுதான், தவறென்றால் திருத்து. வயதுவந்தவர்கள் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டில், இல்லாத நான்கு ஆட்களாகத் தங்களை நினைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் நடுவர், கதையை நடத்துவதும் எதிரிகளுக்கெல்லாம் குரல் கொடுப்பதும் அவர். அடி விழுமா விழாதா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. மின்தூக்கி பழுதுபார்ப்பவர் கோடரிவீரர், ஐம்பத்திரண்டு உயிர்ப்புள்ளி. மருந்துக்கடைப் பெண் தீயை ஏவும் மந்திரக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வில்லாளி. நான்காவதாக உன் தூதர். ஆயுதம் இல்லை, கவசம் இல்லை. வெள்ளைத் துணி கட்டிய ஒரு கோல் மட்டும். நாலு வருஷம் இவரை எதற்காக உயிரோடு வைத்திருந்தாய் என்று முதல் நாள் யோசித்தேன். நீ எழுதிக் கொடுத்த குறிப்பைப் பார்த்ததும் எப்படி என்பது மட்டும் விளங்கியது. "ஓடு. ஒளி. கோடரிக்காரர் முதுகுக்குப் பின்னால் நில். யாராவது ஏதாவது கேட்டால் இருமு." பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது எனக்கும் இதே உத்திதான், அதனால் மதிப்பு கொஞ்சம் கூடியது.

உன் சொல்லைத் தட்டாமல் முதல் மூன்று சனிக்கிழமையும் தூதரை ஒரு காலிப் பீப்பாய்க்குள் உட்கார வைத்தேன். மற்றவர்கள் ஓநாய்களோடு மல்லுக்கட்டிய நேரத்தில் நான் அலுவலக வரைவுகளைத் திருத்தினேன். எங்கள் காப்பீட்டு நிறுவனம் புதுப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவருகிறது. அதன் நிபந்தனைகளை எழுதும் பொறுப்பு, வழக்கம்போல, என் தலையில். பீப்பாய் அவருக்கும் வசதி, எனக்கும் வசதி. நாலாவது வாரம் நடுவருக்கே பொறுக்கவில்லை. பீப்பாய் ஆற்றோடு போய்விட்டது என்று அறிவித்துவிட்டார். தூதர் நனைந்த வேட்டியோடு கரையேறியதும் முக்காலியில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அன்றுதான் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனேன். நீங்கள் யாரும் அதை முழுக்கப் படித்ததில்லை என்பது அதன் முதுகு மடிப்பே விழாமல் இருந்ததிலேயே தெரிந்தது. எழுதப்பட்டதைக் கடைசி வரிவரை படிப்பதுதான் நான் இருபத்துநாலு வருஷமாகச் செய்யும் வேலை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், தூதரைப் பற்றி ஒரு வரி இருந்தது: "தூதர் தம் செய்தியைச் சொல்லி முடிக்கும்வரை, கேட்பவர் எவர்மீதும் ஆயுதம் உயர்த்தலாகாது." இதை நீ நாலு வருஷமாக எப்படிப் பயன்படுத்தினாய் என்று விசாரித்தேன். "ராஜா உங்களைச் சரணடையச் சொன்னார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஓடுவாயாம். தம்பி, குடும்பத்தில் வாயாடி என்று பெயர் எடுத்தவன் நீ. கல்யாண வீட்டில் உன்னிடம் மாட்டிக்கொண்டவர்கள் சாப்பாட்டுப் பந்தியையே தவறவிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் "முடிக்கும்வரை" என்ற சொல்லைப் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறாய். செய்தி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று அந்தப் புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு முறை தேடினேன்.

போன சனிக்கிழமை பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். பின்னால் எரிகிற ஊர், அங்கிருந்து எங்களை நம்பி வந்த இருநூறு பேர். முன்னால் ஆறு, ஒரே ஒரு பாலம், அதன் வாயில் தண்டாயுதத்தோடு ஓர் அரக்கன். கோடரிக்காரருக்கு மிச்சம் ஒன்பது புள்ளி, மந்திரக்காரியிடம் தீ தீர்ந்துவிட்டது, வில்லாளியிடம் இரண்டு அம்பு. சுற்றுக்குப் பத்துப் பேர்தான் பாலத்தைக் கடக்க முடியும் என்றார் நடுவர். ஒரு சுற்று என்பது மேசைமேல் இருக்கும் மணல் கடிகாரம் ஒருமுறை காலியாவது, இரண்டு நிமிஷம். சண்டை போட்டால் மூன்றாவது சுற்றில் எல்லோரும் காலி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோடரிக்காரர் என் பக்கம் குனிந்து, "மேடம், நீங்க எங்கயாவது ஒளிஞ்சுக்கோங்க. தம்பி நாற்காலியாவது மிஞ்சட்டும்" என்றார். நல்ல மனசுக்காரர். சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக்கூட எனக்குத் தோன்றியது.

தூதர் பேச விரும்புகிறார் என்றேன். நடுவர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒருமுறை படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுமுறை படித்தார்.

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"முடியும்வரை."

இருபது சுற்றுக்கு நாற்பது நிமிஷம். நான் ஒரு நாளில் வீட்டில் பேசுவதே அவ்வளவு இராது. கைப்பையில் அலுவலக வரைவு இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு ஆரம்பித்தேன். பாலத்தின் வாயிலில் தண்டாயுதத்துடன் நிற்பவர் இனிமேல் "காவலர்" என்றே குறிப்பிடப்படுவார். "பாலம்" என்பது அதன் தூண்களையும், கைப்பிடிச் சுவர்களையும், பகல் வேளையில் அவற்றின் நிழலையும் உள்ளடக்கும்; ஆறு உள்ளடங்காது. முதல் பிரிவு முடிவதற்குள் முப்பது பேர் அக்கரை சேர்ந்துவிட்டார்கள். மருந்துக்கடைப் பெண் மணல் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, வாயால் எண்ணாமல் விரலால் எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள். பேருந்து ஓட்டுநர் இரண்டாம் பிரிவில் தூங்கிவிட்டார். அவரை யாரும் எழுப்பவில்லை, வில்லாளிக்கும் ஓய்வு வேண்டும்தானே.

நாலாம் பிரிவில் முன்கடையில் மணி அடித்தது. வாடிக்கையாளர். நடுவர் எழுந்து போய்விட்டார். கேட்பவரே இல்லாதபோது செய்தி எப்படிச் செல்லும் என்று மச்சான் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். நான் நிறுத்தவில்லை, குரலைத்தான் கொஞ்சம் உயர்த்தினேன். முன்னாலிருந்து நடுவர், "எந்த எழுத்து தெளிவாத் தெரியுது, மேலயா கீழயா... காதுல விழுது, நீங்க சொல்லிட்டே இருங்க" என்றார். எது தனக்கு, எது எனக்கு என்று குழம்பிப்போனாரோ என்னவோ, அந்த வாடிக்கையாளர் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மச்சான் லேசுப்பட்டவர் இல்லை. வேறு பேச்சுக்குப் பதில் சொன்னால் செய்தி அறுந்துவிடும் என்பதை யோசித்திருக்கிறார். பத்தாவது சுற்றில் பக்கத்தில் வந்து, ரொம்பப் பாசமாக, "தொண்ட கட்டிக்கப் போகுது. டீ போட்டுத் தரட்டாக்கா?" என்றார். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஐந்தாம் பிரிவு, உட்பிரிவு இரண்டின்படி, தூதருக்குத் தேநீர் வழங்கப்படுமாயின் அது சர்க்கரை சேர்க்கப்படாததாக இருத்தல் வேண்டும் என்று வாசித்தேன். தேநீர் வந்தது. சர்க்கரை இல்லை. மனிதர் நேர்மையானவர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து உன் அத்தான். சரியாகப் பதினாலாவது சுற்றில் என் தொலைபேசி அடித்தது. கோடரிக்காரர் அதை எடுத்து என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். சாப்பிட என்ன இருக்கிறது என்று அத்தான் கேட்டார். வீட்டில் தனித்து விடப்பட்டவர், குளிர்ப்பெட்டியின் இரண்டாம் தட்டில் மூடி வைக்கப்பட்டுள்ளதை எடுத்துச் சூடாக்கி உண்ண உரிமையுடையவர் ஆவார், எனினும் பாத்திரத்தைக் கழுவி வைக்கும் பொறுப்பும் அவரையே சாரும் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவரிடம் வித்தியாசமாகப் பேசியதாக அவருக்குத் தோன்றவே இல்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அலுவலக வரைவு பதினேழாவது சுற்றில் தீர்ந்துபோனது. இன்னும் முப்பது பேர் இக்கரையில். கையில் தாள் இல்லாமல் ஒரு கூட்டத்தில் நான் வாய் திறந்தது கிடையாது, உனக்கே தெரியும். எதையாவது சொல்ல வேண்டுமே என்று அரக்கனைப் பார்த்தேன், அதாவது கடைக்காரரை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் கடை. விளையாடும்போதும் காது வாசல் மணியில்தான் இருக்கும். ஏழாம் பிரிவு என்று ஆரம்பித்துவிட்டேன்: காவலருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு, அந்த நாளில் பாலத்தில் யார் வந்தாலும் போனாலும் அது அவர் கவலை அன்று, வீட்டில் அவர் கால் நீட்டிப் படுத்திருப்பது பணியில் குறைபாடாகக் கொள்ளப்படமாட்டாது. மனசில் வந்ததையெல்லாம் மூன்று சுற்றும் சொன்னேன். இருபதாவது முறை மணல் இறங்கி முடிந்தது. மருந்துக்கடைப் பெண் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கடைசி ஆளும் அக்கரையில்.

செய்தி இத்துடன் முடிகிறது என்றேன்.

முடிந்ததும் தூதருக்கிருந்த பாதுகாப்பு போயிற்று. பாலத்தில் நானும் அரக்கனும் மட்டும். அவனுடைய ஓர் அடிக்கே இருபது புள்ளி, என்னிடம் ஆறு. முக்காலியில் பேனா மூடி திறந்தது. இவ்வளவு பேசியும் உன் நாற்காலி போகப்போகிறது, உனக்கு என்னவென்று எழுதுவேன் என்பதுதான் எனக்கு அப்போது தோன்றியது. நடுவர் பகடையைக் கையில் எடுத்தார். குலுக்கவில்லை. அரக்கனுக்கென்று அவர் வைத்திருக்கும் கர்ஜனையை விட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில் கேட்டார்.

"அந்த ஏழாவது பிரிவு. வாரத்துல ஒரு நாள்னீங்களே. அது எனக்கும் உண்டா?"

"காவலருக்குத்தான் உண்டு."

"யார்கிட்டக் கேட்டு வாங்கணும்?"

"யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவரே எடுத்துக்கொள்ளலாம்."

அவர் பகடையை மேசைமேல் மெதுவாக வைத்து, அரக்கன் தண்டாயுதத்தைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று அறிவித்தார். கோடரிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தச் சத்தத்தில் விழித்த பேருந்து ஓட்டுநர், ஸ்டாப் வந்துவிட்டதா என்று கேட்டார்.

ஆக, உன் நாற்காலி பத்திரம். ஆனால் தம்பி, எனக்கு இதெல்லாம் ஒத்துவராது. தொண்டை மூன்று நாளாகச் சரியில்லை, அலுவலகத்தில் ஒரு தீர்மானத்தை வாசிக்கும்போது மேலாளரைக் காவலரே என்று அழைத்துவிட்டேன். இல்லாத ஆற்றைத் தாண்டி இல்லாத ஆட்களைக் கொண்டுசேர்ப்பதில் ஒரு படித்த பெண் நாற்பது நிமிஷத்தைச் செலவிடுவதற்கு என்ன நியாயம் சொல்வது என்றும் தெரியவில்லை. குறித்த தேதிக்கு ஒரு நாள்கூடப் பிந்தாமல் வந்து சேர். ரயில் நிலையத்திலிருந்து நேரே கண்ணாடிக்கடைக்கு வா. தாளையும் கோலையும் உன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவேன்.

உயரத்தில் நிற்கும்போது கயிற்றை இரண்டு முறை சரிபார். வேளைக்குச் சாப்பிடு. உன் அத்தான் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டதையும் எழுதச் சொன்னார். நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு. இதை உறையில் போட்டு ஒட்டிய பிறகு ஒரு வாரம் கைப்பையிலேயே வைத்திருந்துவிட்டேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். கண்ணாடிக்கடையில் "ஞாயிறு விடுமுறை" என்று பலகை மாட்டியாயிற்று. ஆகவே விளையாட்டு இனி ஞாயிறுகளில், காலையிலிருந்தே. மச்சான் வாள்வீரனைக் கைவிட்டுவிட்டார். அவரும் தூதராகத்தான் வருவாராம். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பேசலாம் என்பதால் நானும் ஆட்சேபிக்கவில்லை. உனக்கென்று புதிதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள், கைப்பிடி வைத்தது, அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது என்று நடுவர் எழுதியே கொடுத்துவிட்டார். நாற்பத்தெட்டு புள்ளியோடு வாள்வீரனும் சும்மா நிற்கிறான். நீ எடுத்துக்கொள், தூதரைக் கேட்காதே. தேதிக்கு வந்தே ஆக வேண்டும் என்று மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுவனம் இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொன்னால் தாராளமாக இரு. நாங்கள் இப்போது ஒரு கோட்டையின் வாசலில் நிற்கிறோம். நான் பதினோராம் பிரிவில் இருக்கிறேன்.