மாவுருண்டைக்கு ஒரு மாதத் தடை

“இது என்ன புள்ள?” என்று கேட்டார் ஜமால் முகம்மது. தட்டில் முருங்கைக்கீரை, எள்ளுத் துவையல், பச்சைக் கேரட். மாவுருண்டையைக் காணோம்.

“டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டுப்படிதான்,” என்றாள் சுலைகா. “ஒரு மாசத்துக்கு இனிப்புக் கிடையாது. பல்லிடுக்குல ஒட்டிக்கிட்டு ஈறைக் கெடுக்குதாம்.”

முந்தின நாள்தான் கணவனும் மனைவியும் டாக்டரிடம் பல்லைக் காட்டிவிட்டு வந்திருந்தார்கள். சீட்டில் இருந்தது அவர் பெயர்.

இருபத்தாறு வருடம் குவைத்தில் இருந்தவர். காரைக்குடியிலிருந்து யார் விமானம் ஏறினாலும் சுலைகா ஒரு பிஸ்கட் டின் நிறைய மாவுருண்டை கொடுத்தனுப்புவாள். மூடியைத் திறந்ததும் வறுத்த பாசிப்பருப்பும் நெய்யும் மணக்கும். அறையில் எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெளியே மணற்காற்று அடிக்கும். உள்ளே, வாயில் உருண்டை கரையும் வரைக்கும், காரைக்குடி. ஊருக்கே திரும்பிவிட்டால் தினமும் இரண்டு என்று அப்போதே முடிவு செய்திருந்தார். திரும்பி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

முதல் வேலையாகக் கீரையை அவள் தட்டில் தள்ளினார். “நீயும் சாப்பிடு. எனக்குத் தனியா இறங்க மாட்டேங்குது.”

சுலைகாவின் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான புதிதில், அவர் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் ஒரே தட்டில் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது போலும். மறுநாள் இரண்டு பங்கு கீரை ஆய்ந்தாள்.

“கீரை தின்னு ஈறு வலிக்குது,” என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தார். கீரை போகவில்லை. கூடவே நெல்லிக்காயும் கொய்யாவும் வந்து சேர்ந்தன. அவற்றையும் அவள் தட்டுக்கே தள்ள வேண்டியதாயிற்று.

கடைசியில் பலகாரக் கடையில் நின்றுகொண்டே மாவுருண்டை தின்னத் தொடங்கினார். ஒரு நாள் வாயைத் துடைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“மீசை என்னங்க, வெளுத்துக் கெடக்கு?”

“டை கழண்டுருச்சு புள்ள.”

“காலையில கறுப்பால்ல இருந்துச்சு! இங்குட்டு உக்காருங்க.” அவளே டை அடித்துவிட்டாள். “காயுற வரைக்கும் எங்கயும் போகாதீக. கேரட்டைக் கடிச்சுக்கிட்டு இருங்க.”

மாதம் முடிந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தினமும் விடியற்காலையில் கீரை ஆய்ந்தவள் முகத்தில் அதற்குப் பிறகு எப்படி விழிப்பது?

டாக்டர் துர்காதேவி இருவர் வாயையும் பார்த்தார். “அருமை! ரத்தக் கசிவு சுத்தமா நின்னுபோச்சு. இதே சாப்பாட்டைத் தொடருங்க.”

தனக்கு எப்போது ரத்தம் கசிந்தது? ஜமாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுலைகா பெருமையாகச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மெல்ல வெளியே வந்து, வரவேற்பில் இருந்த முஸ்கானிடம் குனிந்தார்.

“மனசு உறுத்துதும்மா. அந்தக் கீரையில ஒரு வாய்கூட நான் திங்கல. எல்லாத்தையும் அவ தட்டுலதான் தள்ளுனேன்.”

முஸ்கான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுக்குத்தானே மாமா, டாக்டரம்மா சீட்டை உங்க பேர்ல எழுதுனாக! ரத்தம் வந்தது மாமிக்கு, ஆனா தனக்குன்னா ஒரு கீரைத்தண்டைக்கூட ஆய மாட்டாகளே!”