நிற்கத் தெரியாத மேளப்பெட்டி

எங்கள் மலைப்பக்கத்தில் ஒன்றுக்குத் ‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குத் தீர்க்காயுசு என்று அர்த்தம். மண்சரிவுக்குப் பிறகு “கொஞ்ச நாளைக்கு” என்று கட்டிக்கொடுத்த கொட்டகையில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் செய்துவைத்தவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். என் வீட்டுக் கூரை ஒழுகும் இடத்தில் நானே ஒரு தகரத்தைச் செருகி, காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒரு கல்லை வைத்தேன். மழை விட்டதும் ஒழுங்காகச் செய்வதாகத் திட்டம். அக்கரப்பத்தனையில் மழை எப்போது விட்டிருக்கிறது? (அந்தக் கல் இப்போது பாசி பிடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளையார் மாதிரியே இருக்கிறது.)

இப்படிப்பட்டவன் கையில் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் தோட்டமே கேட்டது. பார்த்தது என்று எழுதவில்லை. கேட்டது.

நான் சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரைக்கும் படித்தவன். கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கடைவீதியில் ரேடியோ, டிவி திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பிழைப்பும் அப்படியே அமைந்துவிட்டது.

போன வருடம் என் மனைவி சரோஜாவுக்கு வயிற்றில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் வெட்ட வேண்டியதாயிற்று. அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது கதவுக்கு வெளியே நின்று மாரியம்மனிடம் வாய்விட்டே சொன்னேன்: “தாயே, இவளை எனக்குத் திருப்பிக் குடுத்துரு. வாற திருவிழாவுல, மொத நாள் தீபாராதனைக்கு, என் கையாலேயே ஒரு மேளப்பெட்டி செஞ்சு உன் முன்னால அடிக்க வைக்கிறேன்.”

எங்கள் கோயிலுக்கு மேளக்காரர்கள் தேர் அன்றைக்குத்தான் வருவார்கள். மற்ற நாட்களில் பூசாரி ஒரு கையில் சூடத் தட்டும் ஒரு கையில் கைமணியுமாக ஒற்றை ஆளாய்ச் சமாளிப்பார். மேளம் அடிக்கும் பெட்டி கடையில் ரெடியாகவே கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் கையால் என்று வாய் சொல்லிவிட்டதே! அம்மனும் கேட்டபடி அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே சரோஜா என்னைத் திட்டத் தொடங்கியதில் அவள் பூரண குணமடைந்தது உறுதியாயிற்று. இனி என் பங்குதான் பாக்கி.

பெட்டியின் சங்கதி சுலபமானது. ஒரு மெமரி கார்டில் மேளமும் மணியும் பதிந்திருக்கும். அதை வாசிக்க ஒரு மலிவான சில்லு. அந்தச் சில்லை ஆட்டுவிக்க, தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு. போர்டுக்குள் ஏற்றுகிற புரோகிராமுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே எழுதினேன். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ‘உ’ போட்டுத்தான் தொடங்கினேன்.

முழுவதையும் நானே எழுதினேன் என்றால் அம்மன் கண்ணைக் குத்தும். சில்லோடு பேசுகிற பகுதியை எங்கோ ஒரு தேசத்தில் முகம் தெரியாத ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தார். அதை லைப்ரரி என்கிறார்கள். அவர் யார், என்ன சாமி கும்பிடுகிறார், அவர் ஊரிலும் மழை பெய்யுமா என்றெல்லாம் யோசித்து, அவருக்கும் சேர்த்து ஒரு சூடம் கொளுத்தினேன்.

திருவிழா நெருங்கிய நேரத்தில் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது: எல்லாவற்றையும் புதுசாக்கவா? சாமி வேலைக்கு எல்லாம் புதுசாக இருப்பது நல்லதுதானே என்று ‘ஆமாம்’ என்று அமுக்கினேன். அமுக்கியதும் போச்சு. போர்டுக்கான சாமான்கள் புதுசாகிவிட்டன. லைப்ரரி பழசாகவே நின்றது. மாமியாரும் மருமகளும் மாதிரி ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுத்து, திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாய் எழுத்து. புரோகிராம் கட்டுப்படவே மாட்டேன் என்றது.

சிக்கல் ஒரே இடத்தில்தான். சில்லைப் பார்த்து “பாட்டு முடிஞ்சதா?” என்று லைப்ரரி கேட்கும் இடம். இணையத்தில் ஒரு குழுவில் போய் அழுதேன். யாரோ ஒரு புண்ணியவான் பதில் போட்டிருந்தார். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். லைப்ரரிக்காரர் சரிசெய்யும் வரைக்கும் அந்த இடத்தை அடைத்துவிட்டு, கேள்விக்குப் பதிலாக ஏதாவது ஒன்றை நீயே எழுதிவை; ஆனால் ஏன் செய்தாய், எப்போது எடுக்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பு எழுது; திருத்தம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இரு. இவ்வளவுதான்.

அடைத்தேன். “முடிஞ்சதா?” என்றால் எப்போதும் ஒரே பதில்தான் வரும், அது ‘முடிந்தது’ என்று இருக்கலாம், ‘முடியவில்லை’ என்று இருக்கலாம். கை விசைப்பலகைக்குப் போனது. மனம் கேட்கவில்லை. சாமி காரியம், அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்தவளுக்கான நேர்த்தி. அதில் ‘முடிந்தது’ என்று யாராவது எழுதுவார்களா? வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட ‘நிறைஞ்சிருச்சு’ என்று சொல்கிற சாதி நாங்கள்! ‘இன்னும் முடியவில்லை’ என்று எழுதினேன். மங்களகரமாக இருந்தது. குறிப்பு எழுதச் சொன்ன இடத்தில் பயபக்தியோடு ‘தாயே துணை’ என்று எழுதினேன்.

சிவப்பெல்லாம் மறைந்தது. பெட்டி பாடியது. சமையல்கட்டு மேசையில் வைத்து மகள் தர்ஷினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள்.

“அப்பா, கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பாத்தீங்களா?”

“மேளம் அடிக்குதுல்ல? அப்புறம் என்ன?”

“அடிக்கிறது சரி. நிக்குதான்னு பாத்தீங்களா?”

அதற்குள் சரோஜா அடுப்படியிலிருந்து, “ஐயோ தல இடிக்குது, அத அமத்துங்க!” என்று கத்த, நான் வயரைப் பிடுங்கினேன். சோதனை இனிதே நிறைவேறியது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடங்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான் வைத்திருந்தேன். ஆனால் சாமி முன்னால் மேளம் அரைகுறையாக அறுபடக் கூடாது அல்லவா? அதனால் பொத்தானை அமுக்கினாலும், ஓடுகிற மேளம் முடிந்த பிறகுதான் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். எவ்வளவு பக்தி பாருங்கள்! எது முடிந்த பிறகு? ‘இன்னும் முடியவில்லை’ என்றே காலமெல்லாம் பதில் வரப்போகிற மேளம் முடிந்த பிறகு.

திருவிழா முதல் நாள் மாலை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் நிறையச் சனம். ஒரு குழாய் ஸ்பீக்கர் மேட்டு லயத்து வரிசை வீடுகளைப் பார்த்தும், மற்றது பள்ளத்திலிருக்கும் பணிய லயத்தைப் பார்த்தும் கட்டியிருந்தது. கோயில் தலைவர் தலையில் பரிவட்டத்தோடு முன்னால் நின்றார். பட்டுச்சேலையில் சரோஜா. அவள் பக்கத்தில் நான், கண்ணில் தண்ணீரோடு.

பூசாரி தலையசைத்தார். பொத்தானை அமுக்கினேன். மேளமும் மணியும் முழங்கியதே ஒரு முழக்கம்! எனக்கே புல்லரித்தது. “யாரு, நம்ம ரேடியோக்காரரு செஞ்சதா?” என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அன்றைக்குத் தீபாராதனை கொஞ்சம் நீண்டுவிட்டது. தலைவரின் விருப்பப்படி அம்மனுக்குப் பஞ்சமுக தீபமும் காட்ட வேண்டும், கும்ப தீபமும் காட்ட வேண்டும். கார்டில் இருந்த மேளம் தீர்ந்துபோனது. தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றுதான் என் புரோகிராம். ஆனால் அதன் கணக்கில் மேளம் இன்னும் முடியவில்லையே! அது கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்த மலிவுச் சில்லுக்கோ ஒரு குணம்: யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கார்டில் அடுத்து என்ன இருக்கிறதோ அதைத் தானாக எடுத்து வாசிக்கும்.

அடுத்து இருந்தது, சில்லு வேலை செய்கிறதா என்று பார்க்க நான் சமையல்கட்டில் பதிந்த ஒரு சோதனைப் பதிவு.

“ஒண்ணு… ரெண்டு… மூணு… டெஸ்டிங்,” என்று என் குரல் மலையெல்லாம் ஒலித்தது. பூசாரியின் கை தீபத்தோடு அப்படியே நின்றது.

பிறகு சரோஜாவின் குரல்: “இந்த வயரு குப்பைய எடுக்கப் போறீங்களா இல்லையா? ரொட்டிய என் தலையில வச்சா தட்டுறது?”

“இரு புள்ள, சாமிக்கு ரெக்கார்ட் பண்றேன்.”

“சாமிக்காம் சாமிக்கு! மூணு நாளா குளிக்கல. மாரியாத்தா மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் ஒங்க மேளத்தக் கேக்கணும்!”

நான் பொத்தான் மேல் பாய்ந்தேன். அமுக்கினேன். குத்தினேன். பெட்டி பணிவோடு காத்திருந்தது, மேளம் முடியட்டும் என்று.

“தலைவரு வீட்டு டிவி ஒரு மாசமா கடையில கெடக்கு. தொறந்துகூடப் பாக்கல. கேட்டா பார்ட்ஸு கொழும்புலேருந்து வரணுமாம். அந்த மனுசனும் நம்பிட்டுத் திரியுறாரு, பாவம்!”

பரிவட்டம் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

“மெதுவா பேசு, பதிவாகுது,” என்றது என் குரல்.

“ஆகட்டுமே! நல்லாக் கேக்கட்டும் ஊரு!”

வேறு வழி தெரியாமல் வயரைப் பிடித்து இழுத்தேன். கோயில் விளக்குகளுக்கும் பெட்டிக்கும் ஒரே இணைப்பு. (அதுவும் தற்காலிகமாக நான் கொடுத்ததுதான்.) மொத்தக் கோயிலும் இருண்டது. அதுவரை வெடித்துக்கொண்டிருந்த சனத்தின் சிரிப்பு அடங்கியது. சூட வெளிச்சத்தில் அம்மன் முகம் மட்டும் தெரிந்தது. மேளமில்லை, மணியில்லை. பாதியில் நிற்கிறது தீபாராதனை. பாதியில் அறுந்து கிடக்கிறது என் நேர்த்தி. ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நின்றது நினைவுக்கு வந்தது. கொடுத்த வாக்கை முடிக்காதவனிடமிருந்து அவள் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால்?

அப்போது டாங் என்று ஒரு சத்தம். பெரிய மணியின் கயிற்றைச் சரோஜா இழுத்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் ஓடிப்போயிருப்பாள் என்று நினைத்தேன். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாரம் தூக்காதே என்று டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, இரண்டு கையாலும் இழுத்தாள். பூசாரியின் கை மறுபடி சுழன்றது. “தாயே!” என்று சனம் குரல் எழுப்பியது. தீபாராதனை நிறையும் வரைக்கும் அவள் கயிற்றை விடவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன், “நேர்த்தி கெட்டுப்போச்சா சரோஜா?”

“ஏன் கெடுது? பொட்டி அடிக்கணும்னு வேண்டினீங்க, அடிச்சிச்சு. அது விட்ட எடத்துலேருந்து நான் அடிச்சேன். யாருக்காக வேண்டினீங்களோ அவளே அடிச்சா ஆத்தா வேணாம்னா சொல்லுவா?” இரண்டு எட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்: “வீட்டுக்குப் போயி மொதல்ல குளிங்க. அப்புறம் அந்த டிவி.”

குளித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எது காரணம் என்று தேடினால், எல்லா ஃபைலிலும் ‘உ’ இருக்கிறது. அடைத்த இடத்தில் ‘தாயே துணை’ இருக்கிறது. ஏன் அடைத்தேன் என்று எங்கேயும் இல்லை. தர்ஷினிதான் கண்டுபிடித்தாள். அதோடு இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். அந்த முகம் தெரியாத மனிதர் திருவிழாவுக்கு முன்னமே லைப்ரரியைச் சரிசெய்து போட்டிருந்தார். நான்தான் போய்ப் பார்க்கவில்லை.

“துணைக்கு ஆத்தா வருவாங்கப்பா,” என்றாள் தர்ஷினி. “ஆனா எந்த வரியில என்ன செஞ்சீங்கன்னு அவங்கதான் ஞாபகம் வச்சிருக்கணுமா?”

அடைப்பை எடுத்து, புது லைப்ரரியைப் போட்டு, கார்டில் மேளம் தவிர எல்லாவற்றையும் அழித்து, கடைசி வரைக்கும் ஓடவிட்டுக் கேட்டேன். நின்றது. தலைவர் வீட்டு டிவியும் மறுநாளே சரியாயிற்று. (ஒரு ஃபியூஸ்தான்.)

இப்போது எங்கள் தோட்டத்தில் கூட்டத்தில் யாராவது பேச்சை நிறுத்தாமல் இழுத்தால், “வயரப் புடுங்குங்கப்பா!” என்று குரல் வரும். பூசாரி எனக்குத் திருநீறு கொடுக்குமுன் கொஞ்சம் குனிந்து, “குளிச்சாச்சா?” என்கிறார். கொழுந்து பறிக்கும் மலையில் சரோஜாவைக் கண்டால் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவளும் சேர்ந்துதான் சிரிக்கிறாள்.

இந்த வருடத் திருவிழாவில் பெட்டி ஒரு குறையுமில்லாமல் முழங்கி, முறையாக நின்றது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பணிய லயத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்த பெண்கள் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

“என்னாங்கண்ணே, அவ்வளவுதானா? அக்கா பேசுறது இந்த வருசம் இல்லையா?”